மாத்தளைக் கொட்டகையில் ஒரு பாலைவனப் படம்

பேசாத படங்கள் ஓடிய காலத்தில், மாத்தளைக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வது என் வேலை. வாரநாட்களில் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தார்ப்பாய் போட்டு இருட்டாக்கிய கொட்டகைக்குள் போய், திரையில் வெள்ளைக்காரன் வாயசைப்பதற்கெல்லாம் தமிழ் கொடுப்பேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கடைக்குப் பொட்டலம் கட்ட வரும் பழைய தாள்களை வைத்துத்தான் இங்கிலீசைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் வரும் ஊரின் பெயரை உள்ளபடி சொல்லக் கூடாது. சொன்னால் சனம் வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிடும். ஆறு வந்தால் மகாவலி என்பேன். பனி விழுந்தால் நுவரெலியா, பெரிய பட்டணம் வந்தால் கொழும்பு. “அண்ணன் சொன்னா பக்கத்து லயத்துல நடந்த மாதிரியில்ல இருக்கு” என்று, தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடான லயத்தில் இருக்கும் ஆள் ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சை நான் எத்தனையோ நாள் மனசுக்குள் போட்டு மென்றுகொண்டு திரிந்திருக்கிறேன்.

ஒருமுறை வந்த படம் எனக்குத் தெரிந்த கதையாக இருந்தது. பாலைவனத்தைக் கடந்து போன ஒரு வெள்ளைக்காரர் தன் பயணத்தைப் புத்தகமாக எழுதியிருந்தார். தோட்டத்துப் பங்களாத் துரை ஒருவர் ஊருக்குப் போனபோது பழைய தாளோடு தாளாக அந்தப் புத்தகம் கடைக்கு வந்தது. அதைக் கிழிக்க விடாமல் நான் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தில், கூட்டமாக நடந்து போகிறவர்களில் ஒரு பெண்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. நடக்க முடியாத அவளை ஒரு முள்மரத்தடியில் தண்ணீரோடு விட்டுவிட்டு மற்றவர்கள் போகிறார்கள். திரும்பி வரும்போது அந்த மரத்தடியில் எலும்புகள்தான் கிடந்தன என்று இரண்டே வரியில் எழுதியிருந்தார்.

படத்திலோ ஒரு குதிரைக்காரன் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். கடைசியில் இடுப்பில் பிள்ளையோடு கிணற்றடியில் நின்று சிரிக்கிறாள். இதென்ன இப்படி மாற்றிவிட்டார்கள் என்று கொட்டகை முதலாளியிடம் கேட்டேன். “எலும்பக் காட்டினா அடுத்த வாரம் ஒருத்தன் வருவானாய்யா?” என்றார்.

பாலைவனத்துக்கு நம் பக்கத்தில் எந்த ஊரைச் சொல்வது? தலையில் மூட்டையோடு சனம் வரிசையாக நடப்பதைத் திரையில் பார்த்ததும் என் வாயில் தானாக வந்துவிட்டது. “மன்னாருல எறங்கி மாத்தளைக்கு நடந்து வர்ற சனம் இது.”

ஒட்டகத்தை, கூட்டத்தை நடத்தி வரும் கங்காணியின் மாடு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேரின் தாய் தகப்பன் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து தோணியில் வந்து, அந்தக் காட்டுவழியே நடந்தவர்கள். வாந்திபேதி கண்டவர்களை வழியில் விட்டுவிட்டு வந்த கதை இல்லாத லயம் கிடையாது. வீட்டில் யாரும் அதைப் பேசுவதும் கிடையாது. முள்மரம் வந்தபோது, “தம்புள்ளை மரத்தடி” என்றேன். கொட்டகைக்குள் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. நன்றாகச் சொல்லுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் விட்டதும் வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையெல்லாம் தேயிலைக் கொழுந்துக் கறை.

“தம்பி, அந்தப் புள்ளைய எந்த ஊருக்குக் கொண்டுபோனாங்க?”

“தம்புள்ளைப் பக்கந்தாம்மா” என்றேன். கேட்டவர் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

“நெசமாவே நல்லா இருக்காளா?”

“நீங்கதான் பாத்தீங்களே.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

மூன்று வாரம் கழித்து, அவருடைய மகன் கடைக்கு வந்தான். கலியாணமான ஆள். வாசலில் நின்றபடியே கேட்டான்.

“அண்ணே, எங்கம்மாகிட்ட என்ன சொன்னீங்க?”

அவன் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த அம்மா ஏழெட்டு வயதில் மன்னாரிலிருந்து நடந்து வந்தவர். கூட வந்த அக்காவுக்கு வழியில் வாந்திபேதி. தம்புள்ளைக்கு இந்தப் பக்கம் ஒரு மரத்தடியில், ஒரு செம்புத் தண்ணீர் வைத்து, அவளை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ஆடி அமாவாசை தோறும் அவளுக்கு ஒரு இலை போட்டுப் படைத்து வந்திருக்கிறார்.

“இப்ப என்னடான்னா, உசிரோட இருக்கிறவளுக்கா இத்தன வருசமா எலை போட்டேன்னு அழுவுது. வேலைக்குப் போகாம, தம்புள்ளை ரோட்டுல சிங்கள வீடு வீடா நின்னு எங்கக்கா இருக்காளான்னு கேக்குது. இன்னும் ரெண்டு நாள் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வரலேன்னா பேர வெட்டிருவேன்னு கணக்கப்பிள்ளை சொல்லிட்டாரு. பேரு போச்சுன்னா லயத்துல எடமும் போச்சு. அப்புறம் எங்க போவும் அது?”

மறுநாள் ஞாயிறு. முதலாளியிடம் கதை சொல்ல வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். குதிகால் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

“வாங்க தம்பி. அவளப் பத்தி ஏதும் தெரிஞ்சுதா?”

“அது நம்ம ரோடு இல்லம்மா. அரபு தேசம். தம்புள்ளைன்னு சொன்னது நான்.”

அந்தப் பக்கத்தைப் பிரித்து, இரண்டு வரியையும் தமிழில் சொன்னேன். இந்த முறை எதையும் மாற்றவில்லை.

“அப்ப அந்தப் புள்ள செத்துப்போச்சா?”

“புத்தகத்துல செத்துப்போச்சு. படத்துல மாத்திட்டாங்க.”

“எதுக்கு மாத்தணும்?”

“பாக்குறவங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்.”

உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக் குதிகாலில் தேய்த்தார்.

“அவ எலும்புதான்னு எப்படிக் கண்டாரு?”

“கையெலும்புல வளையல் கெடந்துச்சுன்னு பக்கத்தடியில சின்ன எழுத்துல எழுதியிருக்காரு.”

“எங்கக்கா கையில வளையல் இல்ல” என்றார். “விட்டுட்டு வர்றப்ப எங்கப்பா கழட்டி எனக்குப் போட்டுட்டாரு. ரெண்டு வருசம் போட்டிருந்தேன். அப்புறம் கை பெருத்துப்போச்சு.”

மகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். சும்மா இருக்கத் தெரியாதவன் நான்.

“வழக்கம்போல ஆடி அமாவாசைக்கு எலை போடுங்கம்மா. மனசு ஆறும்” என்றேன்.

“யாரு செத்துட்டான்னு போடச் சொல்றீங்க தம்பி? அவ சாவுறத நாங்க யாரும் பாக்கல. நாங்க நடக்கிறப்ப கண்ணு தெறந்துதான் இருந்தா. கங்காணி நடங்க நடங்கன்னாரு, நடந்துட்டோம். இங்க வந்த பொறகு, செத்திருப்பான்னு எங்கப்பா ஒரு நாள் சொன்னாரு. அப்படிச் சொன்னாத்தான் சோறு எறங்கும். நீங்க படத்த மாத்திச் சொன்னீங்கள்ல, அதுமாதிரிதான்.”

அந்த அம்மா திங்கட்கிழமை பெரட்டுக்குப் போய்விட்டாராம். பேர் தப்பியது. தம்புள்ளைப் பக்கம் அப்புறம் போகவே இல்லை.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் மகன் மறுபடியும் கடைக்கு வந்தான்.

“எலை போடலண்ணே. நேத்துலேருந்து ஒரு வாய் சோறு எறங்கல அதுக்கு.” பிறகு சொன்னான்: “எங்க பெரியம்மா அன்னிக்கே செத்துட்டாங்கன்னு நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிருங்களேன். நீங்க சொன்னா நம்பும்.”

நான் போகவில்லை.