திரேசம்மா ஏறிய ஜீப்

ஜனவரி ஒன்று, காலை. வண்டிப்பெரியாரில் குமுளி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். மாதா கோயிலில் புத்தாண்டுத் திருப்பலி முடிந்து தேயிலைத் தோட்டத்து மக்கள் இறங்கி வருகிறார்கள்.

வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா கூட்டத்திலிருந்து பிரிந்து, டீக்கடை முன்னால் நிற்கும் ஜீப் ஓட்டுநரிடம் ஒரு துண்டு கேக்கை நீட்டுகிறார். ஓட்டுநர் தலைகுனிந்து நிற்கிறார்.

"வாங்கிக்க தம்பி. புது வருசம்லா."

வாங்குகிறவரின் கண் கலங்கிவிடுகிறது.

பக்கத்தில் நிற்கும் எனக்கும் ஒரு துண்டு கிடைக்கிறது. அம்மாவின் பெயர் திரேசம்மா, கொழுந்து பறிப்பவர்.

"அவரு ஏம்மா அழுறாரு?"

"போன மழைக்கு இவன் ஜீப்பு பள்ளத்துல கவுந்துதான் எங்க வீட்டுக்காரரு போனாரு. ரோடு சரிஞ்சதுக்கு இவன் என்ன செய்வான்? தெரிஞ்சும் மனசு ஆறல. அஞ்சு மாசமா இவன் முகத்தப் பாக்கல."

"இன்னைக்கு மட்டும் எப்படி?"

"ஆண்டவரு எனக்கு இன்னொரு வருசம் தந்திருக்காரு. அதுலயும் இந்தக் கோவத்தக் கொண்டுபோய் வைக்கவா?"

எனக்கு இந்த மனசு வராது. அவர் வீடு இருக்கும் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, மூன்று கிலோமீட்டர் ஏற்றம். இத்தனை மாதமும் இந்த ஜீப்பில் ஏறாமல் நடந்தேதான் போனாராம்.

ஓட்டுநர் தோள்துண்டால் முன்சீட்டைத் துடைக்கிறார். திரேசம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஏறி உட்காருகிறார்.