என் மனைவி பேசிய புரியாத மொழி

அன்று மதியம் என் மனைவி சரசு வேறு ஏதோ மொழியில் பேசினாள். எனக்கு வந்த நோயின் முதல் அறிகுறி அதுதான். ஆனால் கோளாறு என்னிடம் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளிடம் இருப்பதாகத்தான் நினைத்தேன்.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் சாலையில் எங்கள் கடை. காப்பித்தூள், மிளகு, ஏலக்காய், தைலம் விற்கிறோம். சரசு வெள்ளக்கடை கிராமத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் சாப்பாடு கொண்டு வந்தாள். டிபன் கேரியரை மேசைமேல் வைத்தபடி என்னவோ சொன்னாள். குரல் அவளுடையது. இழுத்துப் பேசும் விதமும் அவளுடையதுதான். ஆனால் ஒரு வார்த்தைகூடத் தமிழ் இல்லை.

எங்கள் கடைக்கு எல்லா ஊர்க்காரர்களும் வருவார்கள். எனக்கு இந்தியும் தெரியாது, வங்காளமும் தெரியாது. அதற்காக வியாபாரம் நிற்குமா? பொருளை எடுத்துக் காட்டுவேன், கசக்கி மோந்து பார்க்கக் கொடுப்பேன், விலையைக் கால்குலேட்டரில் அடித்துத் திருப்பிக் காட்டுவேன். அன்று, கட்டிய மனைவியிடமும் அதையே செய்தேன். ஏலக்காய்ப் பாக்கெட்டை அவள் முன்னால் நீட்டிக் கால்குலேட்டரைத் திருப்பினேன். நான் விளையாடுகிறேன் என்று அவள் முதலில் சிரித்தாளாம்.

நான் வாயைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. என் காதுக்கு நான் பேசியது சுத்தமான தமிழ். அவள் காதில் விழுந்தது வெறும் உளறல். மளமளவென்று, ஏற்ற இறக்கத்தோடு, நடுவில் கையை வேறு ஆட்டிக்கொண்டு உளறியிருக்கிறேன்.

பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் என் மைத்துனன் முருகேசன் ஓடிவந்து பார்த்தான். "அக்கா, மாமா தண்ணி போட்டிருக்காருன்னு நெனைக்கிறேன். மோரக் குடுத்து ஊட்ல படுக்க வையி. கடைத் தெருவுல நாலு பேரு பாக்கறாங்க" என்றானாம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நல்லது கெட்டதுக்கு நான் கொஞ்சம் தொடுகிறவன்தான். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, நன்றாக நடந்தேன். அதனால் மோர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் இந்த ஓர் இடத்தை மறந்துவிடாதீர்கள். கை கால் விழாமலும் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவது) வரும். ஒருவர் திடீரென்று பொருளில்லாமல் பேசினால் மோர் கொடுக்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். எனக்கு அந்த நேரம் தூக்கத்தில் போய்விட்டது.

மறுநாள் காலை சேலத்தில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கவிதா போனில் என் பேச்சைக் கேட்டாள். "அம்மா, இது போதை இல்லீங்கம்மா. உடனே கீழ கூட்டியாங்க" என்று கத்தினாளாம். வழக்கமான மலைப்பாதையில் சுற்றுலா வண்டிகள் நெரிந்ததால் குப்பனூர் வழியாகச் சுற்றி என்னைச் சேலத்துக்கு இறக்கினார்கள். எனக்கோ எதற்கு இறக்குகிறார்கள் என்றே தெரியவில்லை. முருகேசனும் சரசுவும் கூடிக்கூடி அந்த மொழியில் பேசிக்கொண்டார்கள். கடையை எழுதி வாங்கத்தான் கூட்டிப் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் மூளையைப் படம் எடுப்பது) எடுத்தார்கள். இடது காதுக்கு மேலே, மூளையில் ஒரு பகுதி பழுதாகியிருந்தது. டாக்டர் கவிதாவிடம் சொன்னது இது: "உங்கப்பாவுக்கு அஃபேசியாம்மா (மூளை பாதிப்பால் மொழி குலைவது). காது நல்லாக் கேக்குது. கேட்டதுக்கு அர்த்தம் பிடிபடாது. தான் தப்பாப் பேசறதும் அவருக்குத் தெரியாது. சண்டை போடுவாரு, மனசுல வச்சுக்காதீங்க."

சண்டை போட்டேன். உலகத்தில் மற்ற எல்லோரும் கிறுக்குப்பிடித்து அலையட்டும், சரசுவுமா என்று கோபம். என்னைக் கேலி செய்யவே அவள் அப்படிப் பேசுகிறாள் என்று நம்பினேன். ஊட்ட வந்த இட்லியைத் தட்டிவிட்டேன். வெளியே போ என்று கையைக் காட்டினேன். அவளைப் பார்த்தாலே என் ரத்த அழுத்தம் ஏறியதால் நர்ஸ் அவளை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார். உள்ளே கவிதா, வெளியே சரசு. அப்படியே நாட்கள் போயின.

அப்போதுதான் நளினி வந்தார். அவர் மருத்துவர் இல்லை. மூளையும் மொழியும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறவர். சொந்த ஊர் சேலம். என்னைப் போன்ற நோயாளிகளைப் பார்க்க அந்த மருத்துவமனைக்கு வந்து போவாராம்.

மூக்கைத் தொடச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. பேனாவைக் காட்டச் சொன்னார். புரியவில்லை. "எந்திரிங்கண்ணா" என்றார். எழுந்து நின்றுவிட்டேன். எல்லோரையும் விட எனக்குத்தான் ஆச்சரியம். எழுவது, உட்காருவது என்று உடம்பு முழுவதும் சேர்ந்து செய்யும் சில காரியங்களுக்கான சொற்கள் சில பேருக்குப் பழுதாகாமல் தப்பித்துக்கொள்ளுமாம். ஏன் என்று கவிதா கேட்டதற்கு, "எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியலைம்மா" என்றாராம். அந்தப் பதிலுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

பிறகு, கவிதாவிடம் கேட்டுக்கொண்டு, அவள் எடுத்து வைத்திருந்த ஒரு வீடியோவைப் போனில் போட்டுக் காட்டினார். கட்டிலில் ஒருவன் உட்கார்ந்து கத்துகிறான். வார்த்தையே இல்லை. யாரடா இந்தப் பைத்தியம் என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் போட்டிருந்த சட்டையைப் பார்த்தேன். குனிந்து என்னைப் பார்த்தேன். அதே சட்டை.

நளினி வீடியோவை நிறுத்தவில்லை. அடுத்து சரசு வந்தாள், தட்டோடு. நேரில் கேலிச் சிரிப்பாகத் தெரிந்த அந்த முகம், சின்னத் திரையில் வேறாக இருந்தது. உதட்டைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். தரையில் கிடந்த இட்லியைப் பொறுக்கினாள்.

கதவைப் பார்த்துக் கையைக் காட்டினேன். கவிதாவுக்குப் புரிந்து அம்மாவைக் கூட்டிவந்தாள். சரசு வாசலிலேயே நின்றாள், உள்ளே வரலாமா என்று தெரியாமல். நான் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பேசப் பயமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சுப் பயிற்சி. டி.வி.யை அணைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். முகத்துக்கு நேரே, மெதுவாக, ஒரே ஒரு விஷயம். சரசு கடை வழக்கத்தையே பிடித்துக்கொண்டாள். ரசத்தை ஒரு கையில், குழம்பை ஒரு கையில் தூக்கிக் காட்டி, "இதுங்களா, அதுங்களா?" என்பாள். எங்கள் வீட்டில் நானே டூரிஸ்ட் ஆனேன். முதலில் குரலின் கோபமும் கொஞ்சலும் புரிந்தன. பிறகு பெயர்கள். ஒருநாள் மிளகு என்ற சொல் மிளகாகவே காதில் விழுந்தது. அன்று அழுதேன்.

சில மாதங்களுக்குப் பிறகு நளினி மலைக்கு வந்தார். "மூளையில ரத்தம் எங்க ஓடுதுன்னு மெஷின்ல தெரியுதுங்கண்ணா. உங்களுக்கு உள்ள எப்படி இருந்துச்சுன்னு அதுல தெரிய மாட்டேங்குது. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

என்ன சொல்வது? எனக்கே குழப்பம். சொற்கள் போய்விட்டன என்றால், சரசு என்னைக் கேலி செய்கிறாள் என்று நான் எதைக் கொண்டு நினைத்தேன்? அந்தக் கோபம் தமிழிலா இருந்தது? என் மனைவி கெட்டவள் என்று அவ்வளவு உறுதியாகத் தெரிந்ததே, அந்த உறுதி எந்த இடத்திலிருந்து வந்தது? இதைக் கேட்டு நளினியும் குழம்பினார். இரண்டு பேரும் காப்பி குடித்தோம்.

இதை எழுதுவது நான்தான். தப்பாக விழுந்த சொற்களைக் கவிதா வாசித்துக் காட்ட, ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறேன். பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. ஆனால் ஒருவர் சொல்லி முடிப்பதற்கும் அது எனக்குள் வந்து சேர்வதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. மற்றவர்கள் நிகழ்காலத்தில் இருக்கிறார்கள், நான் கொஞ்சம் பிந்தி வருகிறேன். வாயும் பழைய வாய் இல்லை. சில சொற்களை எனக்குத் தெரியாமலே மாற்றி அனுப்பிவிடுகிறது. நான் சொன்னது என்னவென்று எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பெரும்பாலும் அது சரசுவின் முகம்.

நேற்று அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்ல மாட்டேன், போங்க" என்றாள்.

இரவு வரை கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.