அண்ணனின் வலக்கண்ணும் சாட்சிக்கு வந்த டாக்டரும்

திருப்புலிவனத்தில் பிறந்து, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தையல்கடை வைத்திருந்த எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நல்லவர், பொறுமைசாலி என்று மற்றவர்கள் எழுதுவார்கள். கூடப் பிறந்த தங்கைக்குத்தான் தெரியும்: ஊருக்கெல்லாம் தீபாவளிக்குத் தைத்துக் கொடுத்துவிட்டு, என் ரவிக்கையைப் பொங்கலுக்குத் தருவார்.

ஒருநாள் பக்கத்துப் பெருநகர் கிராமத்திலிருந்து அவர் வந்த பஸ் புளியமரத்தில் மோதியது. ஜன்னல் கண்ணாடிச் சில் வலக்கண்ணில் பாய்ந்து பார்வை போயிற்று. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். இன்ஷூரன்ஸ் தரப்பில் விசாரிக்க வந்தவரை அம்மா மோர் கொடுத்து உட்கார வைத்து, மகன் பெருமையை ஆரம்பித்தார்.

"எம் புள்ள கண்ணு இன்னா அழகு தெரியுமா நைனா! திஷ்டி படக்கூடாதுன்னு வர்ஸா வர்ஸம் ஆடியில அவன் பேர்ல அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்திக்கினு கீறேன்."

வந்தவர் மோரை மிச்சமில்லாமல் குடித்துவிட்டுப் போனார்.

செங்கல்பட்டு கோர்ட்டில் அவர்கள் வக்கீல் எழுந்தார். "கண்ணில் கோளாறு இருந்ததால்தான் கண்மலர் சாத்தியிருக்கிறார்கள். விபத்துக்கு முன்பே இவருக்குப் பார்வை கிடையாது."

தோற்றால் வைத்தியக் கடனுக்கு அண்ணனின் கடை போகும். கெட்டுப்போன கண்ணைக் காட்டிக் காசு கேட்டவர் என்ற பேரும் வரும். பயத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தாளுக்கு இன்னொரு சொம்பு மோர் குடுத்திருந்தா, ரெண்டு கண்ணுமே இல்லன்னு எழுதியிருப்பான்மா."

"நீ வேற பேஜார் பண்ணாதடி" என்று அம்மா அழுதார்.

சிகிச்சை செய்த காஞ்சிபுரத்துக் கண் டாக்டர் கூண்டில் ஏறினார். "கருவிழியில கண்ணாடி கிழிச்ச தழும்பு இருக்கு. நோய் இப்படிக் கோடு போட்ட மாதிரி கிழிக்காது. ரொம்ப வருஷம் பார்வையில்லாத கண்ணு பெரும்பாலும் ஒரு பக்கமா ஒதுங்கிடும். இது நேரா இருக்கு" என்றார்.

"அப்படியானால் கண்மலர்?" என்று அவர்கள் வக்கீல் மடக்கினார்.

"போன ஆடியில எங்க வீட்டுலயும் என் பேர்ல சாத்தினாங்க. நேத்துகூட நான் ஆபரேஷன் பண்ணியிருக்கேன்."

ஜட்ஜே சிரித்துவிட்டார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வெளியே வந்ததும் அண்ணன், "அப்பாடா! பசிக்குது, வாங்க நாஷ்டா துன்னலாம்" என்றார். நான்கு இட்லிக்கு மேல் தொடாதவர் அன்று எங்கள் தட்டிலும் கை வைத்தார்.

அதன்பின் ஒற்றைக் கண்ணோடு கடைசி வாரம்வரை தைத்தார். ஊசியில் நூல் கோக்க யாரையும் கூப்பிட்டதில்லை.

உண்மையைச் சொன்ன டாக்டர் ஐயாவுக்கும், துக்கத்தில் துணை நின்ற அனைவருக்கும் எங்கள் கும்பிடு. அண்ணனைச் சுமந்த நால்வரும் அவரிடம் சட்டை தைத்துக்கொண்டவர்கள். அந்தத் தோள்களின் அளவெல்லாம் அவருக்குத் தெரியும்.