அப்பாவின் வால்வும் ஏழு மரங்களும்: கொட்டச்சேடு முதல் சேலம் வரை

போன வியாழக்கிழமை அப்பாவுக்கு எக்கோ எடுக்கச் சேலம் போனோம். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு அவருக்குச் சுருங்கிக்கொண்டு வருகிறது. இப்போதைக்கு 'மாடரேட்'டாம். எங்கள் வீட்டில் வால் நான், வால்வு அவர். இதே வேலையாக மலையிறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கொட்டச்சேட்டில் காலை 6.40-க்கு பஸ். ஏற்காட்டில் மாறினால் முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. சேலத்தில் இறங்கும்போது 8.50. ஆட்டோ 120 ரூபாய், எக்கோ 1,500.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "யாருங்க பேஷன்ட்?" என்றதும் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தேன். பதறிப்போய் டாக்டரையே கூட்டிவந்துவிட்டார். டாக்டரம்மா முறைத்த முறைப்பில் நிஜமாகவே நெஞ்சு வலித்தது.

எக்கோ முடிந்ததும் அவர் அப்பாவிடம் கேட்டார்: "மேடு ஏறுனா மூச்சு வாங்குதுங்களா?"

"இல்லீங்க."

பொய். பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நானூறு மீட்டர் ஏற்றம். வழியில் சில்வர் ஓக் மரத்தடிகளில் நின்று, அவற்றில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியைப் பார்ப்பதுபோல் நடிப்பார். 'மிளகு இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்துச் சிரித்தவள் நான்தான். சரிவில் காப்பிப் பழம் பறிப்பதை விட்டு, எஸ்டேட்டில் ஆள் பிரித்து வேலை கொடுக்கும் ரைட்டரிடம் கெஞ்சி, பழம் காயவைக்கும் களத்துக்கும் மாறிக்கொண்டார்.

"ஏழு மரத்துக்கிட்ட நிக்கிறாருங்க டாக்டர்," என்றேன்.

"இந்தப் புள்ள சும்மா வாயடிக்குமுங்க," என்றார் அப்பா.

"அதான் காலையிலயே பார்த்தேனே." டாக்டர் சிரித்தார். "தொந்தரவு இருந்தா இன்னும் டெஸ்ட் எடுத்து, வால்வு மாத்துறதப் பத்திப் பேசலாம். இல்லீன்னா அடுத்த வருஷம் வாங்க." சீட்டில் 'தொந்தரவு இல்லை' என்று எழுதினார்.

மாலை 4.30-க்கு ஊர் திரும்பினோம். மூன்றாவது மரத்தடியில் கேட்டேன்: "ஏனுங்கப்பா பொய் சொன்னீங்க?"

மூச்சு திரும்பும்வரை கொடியைப் பார்த்தார். "ஆபரேஷன்னா மாசக்கணக்குல படுக்கோணும். ரைட்டரு வேற ஆளப் போட்டுட்டா எஸ்டேட் ஊட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க கண்ணு. எங்க போறது?"

நானும் மிளகுக்கொடியைப் பார்த்தேன்.

போகிறவர்கள் கவனத்துக்கு: கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். பழைய எக்கோ ரிப்போர்ட்டுகளை எடுத்துப்போங்கள். நோயாளி மேடேறுவதை போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். கூட வருகிறவர்கள் டாக்டர் முன்னால் விளையாடாதீர்கள்.

அந்த வீடியோவை நானும் எடுத்தேன், ஐந்தாவது மரத்தில். போனைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்தார், மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தார். வீடியோவில் நொம்ப நல்லா இருக்கிறார்.