நெருப்பில்லாத வாடி

ஆனைக்குப் பயப்படுவதா, மனிதருக்குப் பயப்படுவதா என்று தெரியாமல் நாங்கள் வயலில் கிடந்த காலம் அது, சகோதரர்களே. எண்பதுகளின் நடுப்பகுதி. பெரும்போக அறுவடையும் சூடடிப்பும் முடிந்திருந்தன. ஊரில் தமிழருக்கும் முஸ்லிம்களான எங்களுக்கும் முகம் முறிந்துபோயிருந்தது.

எங்கள் வட்டை, அதாவது வயல்வெளி, கல்முனையிலிருந்து வெகு தூரம். காட்டோரம். நெல்லை ஏற்ற உழவு இயந்திரம் கிடைக்காததால் நானும் தங்கச்சியின் புருஷன் யூசுப் மச்சானும் வாடி என்கிற ஓலைக் குடில் போட்டுக் காவலிருந்தோம். தங்கச்சி ஐந்து மாதக் கர்ப்பிணி.

முன்பெல்லாம் அந்த வட்டையில் கூவிளி இருந்தது. ஒரு வாடிக்காரன் கூவுவான், அடுத்த வாடிக்காரன் பதில் கூவுவான். நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்பதுதான் அதன் பொருள். அந்த வருஷம் ஒருவரும் கூவவில்லை. நாங்கள் நெருப்பும் மூட்டவில்லை. வெளிச்சம் கண்டால் ஆள் இருப்பது தெரிந்துவிடும். ஆனைவெடி போட்டால் துவக்கு வெடிச் சத்தமென்று படை வந்து நிற்கும். களவுக்குப் பயந்து நெல் மூட்டைகளைக் சூடடித்த களவெட்டியில் விடாமல் வாடிக்குள்ளேயே அடுக்கினோம். காட்டோரத்தில் வயல் வைத்திருக்கும் எந்தப் போடியாரும் செய்யாத வேலை. புது நெல் மணம் ஆனைக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். பயம் புத்தியைத் தின்றுவிட்டது.

வழக்கமாக மரத்தில் கட்டிய பரணில் படுப்போம். மச்சானுக்குக் காய்ச்சல் கண்டது. ஏற முடியவில்லை. மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கிடந்தார்.

"நெருப்புக் கொஞ்சம் மூட்டட்டா மச்சான்? குளிருது உங்களுக்கு" என்றேன்.

"வேணாம். கண்டா வருவானுகள்" என்றார்.

விடியும் நேரம். சுபஹுத் தொழுகைக்கு ஒளு எடுத்துக் கைகால் கழுவ வாய்க்காலுக்குப் போனேன். முகம் கழுவும்போது பின்னால் கம்பு முறிகிற சத்தம். திரும்பினால் தனி ஆனை. வாடியின் பின்பக்கத்தைப் பிய்த்து மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்தது. மச்சான் ஒரே ஒருமுறை "அல்லாஹ்" என்றார். பிறகு சத்தமில்லை.

என் கையில் ஒன்றுமில்லை. கத்தி வாடிக்குள். நெருப்புப் பெட்டி வாடிக்குள். கால் சேற்றில் புதைந்து நின்றது. நான் அழுதேன். "யா றப்பே, அந்தப் புள்ள வாப்பா முகம் காணாமப் பொறக்கக் கூடாது" என்று மட்டும் கேட்டேன். வேறு துஆ எதுவும் வாயில் வரவில்லை.

கேட்டு முடித்ததும் என் வாய் தானாகக் கூவியது. நான் திட்டமிட்டதல்ல. கூவிய பிறகுதான் பயந்தேன்.

வாய்க்காலுக்கு அப்பாலிருந்து பதில் கூவிளி வந்தது. அடுத்த வாடிக்காரர், சொறிக்கல்முனைத் தமிழர் அந்தோனி அண்ணன். மாதக்கணக்காக நாங்கள் முகம் பார்த்துக் கதைத்ததில்லை.

"ஆர் அது? மீராசாக் காக்காவா?" என்று என்னை அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்.

"ஓம் அண்ணன். ஆனை. மச்சான் உள்ளுக்குக் கிடக்காரு."

"கிட்டப் போயிராதீங்க. வாறன்."

அவர் தன் வைக்கோல் போருக்கே நெருப்பு வைத்தார். வட்டை முழுக்க வெளிச்சமானது. ஓலைப் பந்தத்தைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு, தகரத்தை அடித்தபடி வயல் வரம்பால் ஓடிவந்தார். ஆனை மூட்டையைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் திரும்பியது.

கூரையைத் தூக்கினோம். மச்சானின் தொடை முறிந்திருந்தது. மூச்சு இருந்தது. அவரை அந்தோனி அண்ணன் தன் மாட்டு வண்டியில் ஏற்றினார்.

"இவ்வளவு நெருப்பு வெச்சிட்டீங்களே, உங்களுக்குப் பயமில்லையா?" என்று கேட்டேன்.

"பயந்தான். நீங்க கூப்பிட்டீங்கதானே" என்றார்.

சில மாதங்களில் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மச்சான் ஊன்றுகோலோடு நின்று காதில் பாங்கு சொன்னார். அவர் கால் பிறகு நேராகவில்லை. ஆனாலும் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

அந்தோனி அண்ணன் இல்லை. அடுத்த வருஷம் வயலுக்கென்று போனவர் வீடு திரும்பவில்லை. தேடினார்கள், உடலும் கிடைக்கவில்லை. அவருக்காக என்னால் கூவ முடியாமல் போனதே என்று நெஞ்சு எரிகிறது. அவர் எங்கே இருந்தாலும் அல்லாஹ் அவரைக் கைவிடக் கூடாது என்று கேட்கிறேன்.

துன்பத்தில் கிடக்கும் சகோதரர்களே, றப்பிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருக்காதீர்கள். அவன் யாரை விழிக்க வைத்திருக்கிறானோ, நமக்குத் தெரியாது.

இப்போது நான் வாடியில் நெருப்பை அணைப்பதில்லை. சுபஹ் தொழுததும் அவருடைய வாடிப் பக்கம் பார்த்துக் கூவுவேன். சும்மாதான். போன போகம் அங்கே யாரோ புதிதாக வந்திருந்தார்கள். எந்த ஊர், எந்தச் சாதிசனம் என்று தெரியாது. வழக்கம்போலக் கூவினேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக, பயந்த குரலில், ஒரு கூவிளி வந்தது.