மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

அறுபதுகளின் கடைசியில் எனக்கு வாய் நீளம். மாட்டுங்காவிலிருந்து பஸ் பிடித்து, டிராம்பே பக்கம் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமராகப் போய்வந்துகொண்டிருந்தேன். மற்ற புரோகிராம்களையெல்லாம் கட்டி மேய்க்கும் தலைமைப் புரோகிராம் ஒன்று உண்டு. அது டேப்பில், நம்பர் போட்டு வெளிநாட்டிலிருந்து வரும். அப்போது எங்களிடம் இருந்தது மூன்றாம் நம்பர். நான்கு வரும்வரை நடுவில் தட்டுப்படும் பிழைகளை நாங்களே திருத்திக்கொள்ள வேண்டும்.

டேப் அலமாரியைப் பார்த்துக்கொண்டவர் தாராவியிலிருந்து வந்த ஒரு பெண். வேலை தற்காலிகம்தான், அந்த மாதம் நிரந்தரமாக்குவார்கள் என்று காத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மூன்றைத் திருத்திப் புது டேப்பில் ஏற்றி அவரிடம் கொடுத்தேன்.

"இதுக்கு என்ன நம்பர் சார்?"

"மூணுதான். ரெண்டு வரி மாத்தினதுக்குப் புது நம்பர் ஒரு கேடா?"

"எங்க லைன் வீடுகள்ல பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல ஒரு ரூம் கெட்டுனாவ சார். பதினாலு ஏ-ன்னு போட்டோம். ரெண்டும் பதினாலுன்னா தபால்காரரு யார் வீட்ல கொண்டு போடுவாரு?"

"இது தாராவி இல்லைம்மா" என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் மூன்று என்றே ஒட்டினார்.

திங்கட்கிழமை அவருக்கு லீவு. கம்ப்யூட்டரை ஓட்டும் ஆபரேட்டர் மூன்று என்று கண்ணில் பட்டதை எடுத்து மாட்டிவிட்டார். அது திருத்தாத பழைய டேப். அதிலிருந்த பிழையால் ஒரு விஞ்ஞானி இரண்டு வாரமாகச் சேர்த்த கணக்கு மொத்தமும் பாழ்.

மறுநாள் எங்கள் பாலக்காட்டு மேலதிகாரி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தினார். "ஒரே நம்பர்ல ரெண்டு டேப் எப்படிம்மா வந்தது? இந்த லட்சணத்துல உனக்கு பெர்மனென்ட் வேற."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவருடைய வேலை போய்விடுமே என்ற பயம் பிறகுதான் வந்தது.

"நான்தான் சார் அப்படி ஒட்டச் சொன்னேன். அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க."

மேலதிகாரி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். எல்லாம் முடிந்து அலமாரிக்குப் போனபோது, அந்தப் பெண் தன் நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். 'மூன்று: பழையது. மூன்று ஏ: வெள்ளிக்கிழமை திருத்தியது. லேபிளில் மூன்று என்றே ஒட்டச் சொன்னார்.' பக்கத்தில் என் பெயர். என்ன ஒரு பெண்மணி!

"இதை அங்கேயே காட்டியிருக்கலாமே?"

"நீங்களா சொல்லுதீயளான்னு பாத்தேன் சார்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"காட்டியிருப்பேன். பெறவு எதுக்கு எழுதி வச்சேன்?"

பேனாவைக் கேட்டு வாங்கி, திருத்திய டேப்பின் லேபிளில் மூன்றுக்குப் பக்கத்தில் நானே ஒரு 'ஏ' எழுதினேன்.