கோட்டுக்கு வைத்த பத்திரிகை

என் மருமகன் சேட்டுவோட தையல் கடைப் பலகையில், ஜாக்கெட், சுடிதார், யூனிஃபார்ம் என்றதுக்கெல்லாம் கீழே "கோட் ஸ்பெஷலிஸ்ட்" என்று சிவப்புப் பெயிண்டில் ஒரு வரி இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பா இருக்கிறதால் அந்த வரியை மட்டும் அடையாளம் தெரியும்.

கடை வைத்த புதிதில் எழுதினது. மரக்காணத்தில் கோட்டு யார் போடுவாங்க? உப்பளத்துக்குக் கோட்டு மாட்டிக்கிட்டா போவாங்க? ஒரு கோட்டுகூட தைக்காமலே மாப்பிள்ளைக்கு மீசை நரைத்துவிட்டது. என் பெண் மலர்கொடி, "அந்த வரியை அழிச்சிடுங்க, ஊரே சிரிக்குது" என்பாள். நான் விடமாட்டேன். எழுதினது எழுதினதுதான்.

இந்தக் கத்திரி வெயிலில் வந்தார் உப்பளக்காரர் சுப்ராயன். மகள் பூங்குழலிக்குக் கல்யாணம். சம்பந்தி கோட்டு போடுகிறாராம், அதனால் இவரும் போட்டே ஆகணுமாம். வெயிலுக்கு லேசா இருக்கட்டும் என்று பூங்குழலியே சந்தனக் கலர் பட்டுத்துணி எடுத்துக் கொடுத்திருந்தாள்.

அவர் போனதும் மாப்பிள்ளை என்னிடம் சொன்னார்: "அத்தை, இது மட்டும் சரியா வரலைன்னா அந்த வரியை நானே சுரண்டிடுறேன்."

பட்டை வெட்டுகிறதுக்கு முன்னாடி தண்ணீரில் போட்டு எடுக்கணும். இல்லாட்டி தைத்த பிறகு சுருங்கிவிடும். எங்க ஊர் போர் தண்ணீர் ஒரே உப்பு, அதில் நனைத்தால் பட்டு கருவாடு மாதிரி விறைத்துக்கொள்ளும். அதனால் கேன் தண்ணீர் வாங்கி நனைத்தார். "பட்டு கேன் தண்ணியில குளிக்குது, பொண்டாட்டி உப்புத் தண்ணியில குளிக்கிறா" என்று மலர்கொடி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். உப்புக்காற்று படாமல் ஜன்னலைச் சாத்தி, நிழலில் உலர்த்தி, மேலே வெள்ளைத்துணி போட்டு இஸ்திரி போட்டார். மேசையில் விரித்தால் கெண்டை மீன் மாதிரி வழுக்கி வழுக்கிக் கீழே இறங்குகிறது. அடியில் பேப்பர் போட்டு, பேப்பரும் பட்டும் சேர்த்தே வெட்டினார்.

பட்டில் ஊசி குத்தினால் குத்தினதுதான், பிரித்துத் தைத்தால் துளை தெரியும். அதனால் முதலில் பழைய வெள்ளைக் காடாத்துணியில் ஒரு கோட்டு, இழுத்தால் பிரிகிற மாதிரி ஒட்டுத்தையல் போட்டு, அதை ஆள் மேல மாட்டி அளவு சரி பார்த்துவிட்டுத்தான் பட்டைத் தைக்கணும்.

சுப்ராயன் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். "பொண்ணு கல்யாணக் கோட்டு. முகூர்த்தத்துக்கு முன்னாடி உடம்புல ஏறக் கூடாது."

"இது காடாத்துணிண்ணே, கோட்டே இல்ல."

"கை இருக்குதா? காலர் இருக்குதா? அப்போ கோட்டுதான்."

அந்தத் தொப்பையும் அந்த இறங்கின இடது தோளும் ஊரில் இன்னொருத்தருக்குத்தான் உண்டு. அவர் தம்பி விஜயகுமார். உப்பளத்துக்குத் தண்ணீர் விடுகிற வாய்க்காலில் மடைப்பலகையை யார் முதலில் தூக்குவது என்று சண்டை போட்டதில், அண்ணனுக்கும் தம்பிக்கும் வருஷக் கணக்கா பேச்சு வார்த்தை இல்லை.

கூப்பிட்டால் வருவாரா என்று பார்த்தால், விஜயகுமார் குஷியாகவே வந்தார். "என் தொப்பை இல்லாம அவர் வீட்டுக் கல்யாணம் நடக்காது, பாத்தியா?" என்று கண்ணாடி முன்னாடி நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். கக்கத்தில் பிடிக்கிறது என்றார், முதுகில் தொங்குகிறது என்றார். மாப்பிள்ளை சாக்பீசால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். காடாக் கோட்டுக்கு அதுவரைக்கும் ஒரு கைதான் தைத்திருந்தது.

பட்டுக் கோட்டை இடுப்பில் மூட்டுகிற நேரம் வந்தது, அதுக்குக் கடைசியா ஒரு தடவை தொப்பை அளவு பார்த்தாகணும். அப்போது விஜயகுமார் கேட்டார்: "எனக்குப் பத்திரிகை வைக்கல இல்ல?"

மாப்பிள்ளை சாக்பீசைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"சரி. நாளையிலிருந்து ஒரு வேளைதான் சாப்பிடுவேன். உடம்பு எளச்சா உன் அளவு என்ன ஆகும்னு பாரு."

மாப்பிள்ளைக்குப் பட்டு சுருங்காமல் இருக்க வழி தெரியும், தொப்பை சுருங்காமல் இருக்க வழி தெரியுமா? மலர்கொடி குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் வடை சுட்டு அனுப்பினேன். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

மாப்பிள்ளை சுப்ராயனிடம் போய் நின்றார். "ஒரு பத்திரிகைண்ணே. இல்லன்னா நீங்களே வந்து மாட்டிக்கிட்டு நில்லுங்க."

"மாட்டவும் மாட்டேன், அவனைக் கூப்பிடவும் மாட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. சுப்ராயன் வீட்டுக்கே போனேன். "ஏம்பா, தம்பியைக் கூப்பிட வேணாம். உன் கோட்டைக் கூப்பிடலாம் இல்ல? அது கல்யாணத்துக்கு வந்துதானே ஆகணும்" என்றேன். நியாயமா யோசித்தால் அது பேச்சா? ஆனால் அந்த மனுஷன் யோசித்து, யோசித்து, தாம்பாளம் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

காடாக் கோட்டுக்குள் விஜயகுமார் நின்றார். சுப்ராயன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலரைப் பார்த்து, "பூங்குழலி கல்யாணம். அவசியம் வரணும்" என்றார். பத்திரிகையைக் கோட்டுப் பையில் செருகி, பட்டன் வைக்கிற இடத்தில் குங்குமம் வைத்தார்.

விஜயகுமார் மாப்பிள்ளையைப் பார்த்து, "கோட்டு வருமாம்னு சொல்லு" என்றார். அன்றைக்கே எங்க வீட்டில் வடையும் சாப்பிட்டார்.

கல்யாணத்தன்று பட்டுக் கோட்டு சுப்ராயனுக்கு அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. இடது தோள்கூட இறங்கித் தெரியவில்லை. சம்பந்தியே துணியைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் வாசலில் சிரிப்புச் சத்தம்.

விஜயகுமார் வந்தார். ஒற்றைக் கை வைத்த காடாக் கோட்டு, உடம்பு முழுக்க சாக்பீஸ் கோடு, மார்பில் குங்குமம். "பத்திரிகை கோட்டுக்குத்தானே? கோட்டு வந்திருக்குது" என்று மேடை ஏறி அண்ணன் பக்கத்தில் நின்றார்.

சுப்ராயன் நேரா முன்னாடியே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஓரக்கண்ணால் தம்பி தோளைப் பார்த்தார். அங்கே ஒட்டுத்தையல் நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மனசு கேட்கவில்லை போல, பிடித்து இழுத்தார்.

"அண்ணே, இழுக்காதீங்க!" என்று எங்க மாப்பிள்ளை பந்தியிலிருந்து கத்தினார்.

கழன்ற கை சம்பந்தி காலடியில் போய் விழுந்தது.

"டேய், எடுடா அதை" என்றார் சுப்ராயன்.

வருஷக் கணக்குக்கு அப்புறம் தம்பியிடம் பேசின முதல் பேச்சு அது. விஜயகுமார் குனிந்து எடுத்தார்.

அந்த வாரமே சம்பந்தி வீட்டிலிருந்து ஒருத்தர் கடைக்கு வந்தார். பட்டுக் கோட்டு வேண்டாமாம். கையில்லாத அந்தக் காடாக் கோட்டு வெயிலுக்கு நல்லா இருக்கும்போல, அதே மாதிரி வேண்டுமாம், சாக்பீஸ் கோடு உட்பட. மாப்பிள்ளை தலையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அளவு எடுங்க மாப்பிள்ளை" என்றேன். மலர்கொடியை அனுப்பிச் சிவப்புப் பெயிண்டு வாங்கி வரச் சொன்னேன். அந்த வரி வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது.